மலைக்குத் திரும்புற சுழியோடிக்கு எந்த டைவ் கம்ப்யூட்டர்: ஒரு வெங்காய லொறியும் ஒரு தோள்பட்டை வலியும் (நிகழ்வு ஆய்வு)

நான் கொட்டகலை பக்கம் பிறந்து வளந்தவன், ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கிழக்குக் கடல் தெளிவா இருக்குற மாசங்கள்ல நிலாவெளில டைவ் மாஸ்டர் வேலை, மத்த நாள் வீட்டோட. இப்ப எழுதப் போறது என் வீட்டுக்காரியோட அண்ணனுக்கு, அதாவது என் மச்சானுக்கு நடந்தது. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், "பேர் போடாத மாப்ள, ஆனா நேரமெல்லாம் சரியா போடு, நம்ம பக்கத்து பசங்க நெறைய பேரு இப்ப திருகோணமலைக்கு போய் டைவ் அடிக்கிறானுங்க"ன்னு சொன்னார். அதனால நேரம், ஆழம் எல்லாம் அவரோட டைவ் கம்ப்யூட்டர் (ஆழம், நேரம், உடம்புல ஏறுற நைட்ரஜன் எல்லாத்தையும் கணக்குப் பாக்குற கைக் கருவி) லொக்ல இருந்து எடுத்தது, என் ஞாபகத்துல இருந்து இல்ல.

எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம்னு கேக்குறவங்க எல்லாரும் கடலைப் பத்தி மட்டுமே யோசிக்கிறாங்க, எவ்வளவு ஆழம் போகும், திரை கலரா, டேங்க் பிரஷர் காட்டுமான்னு. நீங்க நீர்கொழும்புலயோ மட்டக்களப்புலயோ இருந்தா அது போதும். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, ஹப்புத்தளைன்னு மேல இருக்குறவங்க முதல்ல பாக்க வேண்டியது வீட்டுக்குப் போற ரோடு. இதை நான் மச்சானுக்கு வாங்கிக் குடுத்தப்ப யோசிக்கல, அந்தத் தப்பு என்னோடது.

ஆள் யாரு, என்ன மாதிரி டைவ்

மச்சானுக்கு 44 வயசு, நுவரெலியாவுல மரக்கறி மொத்த வியாபாரம், கேரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா. சொந்த லொறி. வெள்ளிக்கிழமை ராத்திரி தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு லோட் இறக்குவார், திரும்பி வரும்போது பெரிய வெங்காயம் ஏத்திட்டு வருவார். நான் நிலாவெளிக்கு வேலைக்குப் போனதுக்கு அப்புறம் ஒரு தடவ என்ன பாக்க வந்தவர் புறா மலை தீவு பக்கத்துல தண்ணிக்குள்ள தலைய விட்டுப் பாத்தார், அவ்வளவுதான், அந்த வருஷமே ஓபன் வோட்டர் டைவ் கோர்ஸ் முடிச்சு அடுத்த வருஷம் அட்வான்ஸ்டும் முடிச்சார். இப்ப சீசன்ல மாசத்துக்கு ரெண்டு தடவையாவது சனி ஞாயிறு ரெண்டு நாளும் டைவ், நாளைக்கு ரெண்டு, சில நேரம் மூணு. ஆழம் பெரும்பாலும் 12ல இருந்து 20 மீட்டர், நடுவுல கோணேசர் கோயில் பாறைக்குக் கீழ கொஞ்சம் ஆழமா. (அந்த இடம் எங்களுக்கெல்லாம் வெறும் டைவ் சைட் இல்ல, பழைய கோயிலோட கற்கள் இன்னும் கீழ கிடக்கு, 1956ல ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அங்க இறங்கித்தான் அதையெல்லாம் பாத்தாங்க. மச்சான் அங்க இறங்குறதுக்கு முன்னாடி போட்ல இருந்தே கும்பிட்டுட்டுத்தான் இறங்குவார்.)

அப்ப இவரோட டைவ் ஸ்டைல்னா, ஆழம் சுமார், ஆனா அடுத்தடுத்து நாள்ல திரும்பத் திரும்ப டைவ், முடிஞ்ச உடனே லொறில ஏறி வீட்டுக்கு. இந்தக் கடைசி விஷயத்தையும் அவரோட ஸ்டைல்ல ஒரு பங்கா நான் எடுத்திருக்கணும்.

வாங்கும்போது நான் பாத்தது இதுதான்: விலை அவர் கைக்கு அடக்கமா இருக்கணும், எழுத்து பெருசா இருக்கணும் ஏன்னா அவருக்கு கிட்டப் பார்வை கொஞ்சம் மங்கல், பேட்டரி நாமளே மாத்துற மாதிரி இருக்கணும் ஏன்னா நுவரெலியாவுல இதுக்கெல்லாம் சர்விஸ் கிடையாது. வட்டமா, கையில கட்டுற ஆரம்ப மாடல் ஒண்ணு வாங்கினோம். கம்பெனி பேர் தேவையில்ல, அந்த மிஷின் அதோட வேலைய சரியாத்தான் செஞ்சது. உயரம் கையால செட் பண்ணுறது, நைட்ராக்ஸ் (ஒக்சிஜன் கூட்டின காத்து) போடலாம், டைவ் முடிஞ்சதும் பிளேன் படத்தோட எத்தனை மணித்தியாலம் பறக்கக் கூடாதுன்னு காட்டும். நான் அவருக்கு எல்லா பட்டனும் சொல்லிக் குடுத்தேன். பிளேன் படத்துக்கு வந்தப்ப, "இது பிளேன்ல போறவங்களுக்கு"ன்னு ஒரே வரில முடிச்சிட்டேன்.

அந்த சனி ஞாயிறு

சனிக்கிழமை ரெண்டு டைவ். முதலாவது 18 மீட்டர் 44 நிமிஷம், ரெண்டாவது 14 மீட்டர் 52 நிமிஷம். சாயந்திரம் ஒண்ணும் இல்ல, மீன் குழம்பு சாப்பிட்டுட்டு நல்லா தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலைல 7.30க்கு கோணேசர் பாறை பக்கம் 26 மீட்டர், மொத்தம் 31 நிமிஷம், மெதுவா பாறையோட ஒட்டி ஏறி வந்தார், நோ டெக்கோ டைம் (நடுவுல கட்டாயம் நிக்காம மேல வர மிச்சம் இருக்குற நேரம்) ஒரு கட்டத்துல 3 நிமிஷத்துக்கு இறங்கியிருக்கு ஆனா தாண்டல. சேஃப்டி ஸ்டாப் 5 மீட்டர்ல 3 நிமிஷம் செஞ்சிருக்கார். அதுக்கப்புறம் 15 மீட்டர்ல 48 நிமிஷம். தண்ணிக்கு மேல வந்தது 10.50. ஏறின வேகம் எங்கயும் அலாரம் அடிக்கல. நாலு டைவும் புத்தகத்துல இருக்குற மாதிரி சுத்தமான டைவ், இத நான் அழுத்தி சொல்றேன் ஏன்னா நிறைய பேரு கேட்டது "ஏதாவது வேகமா ஏறிட்டாரா"ன்னுதான்.

நான் அன்னைக்கு வேற போட்ல விருந்தாளிகளோட இருந்தேன். கரைக்கு வந்தப்ப அவர் குளிச்சு சாப்பிட்டு லொறில ஏறப் போறார். கம்ப்யூட்டர்ல பிளேன் படம், பக்கத்துல 18ன்னு இருந்தது. அவர் என்கிட்ட அதக் காட்டினார் கூட. "நான் லொறில தானே போறேன் மாப்ள"ன்னார். நானும் தலையாட்டினேன். எனக்குப் படிச்ச விஷயம் தான் அது, உயரத்துக்குப் போறதும் பறக்குற மாதிரிதான்னு கோர்ஸ்ல வருது, ஆனா அந்த நிமிஷம் என் தலைக்குள்ள பிளேன்னா கட்டுநாயக்க, லொறின்னா வீடு, ரெண்டும் ஒண்ணா சேரல.

12.30க்கு கிளம்பி கந்தளாய், ஹபரணை வழியா மூன்றரை மணி போல தம்புள்ளை. அங்க வெங்காய மூட்டை ஏத்துனாங்க, ஆள் குறைவு, இவரும் சேர்ந்து ஒரு மணித்தியாலம் மூட்டை தூக்கியிருக்கார். ஏழு மணி போல கண்டி. கம்பளை தாண்டி எட்டு மணிக்கு புஸ்ஸல்லாவை ஏத்தம். ரம்பொடை கிட்ட வரும்போது ஒன்பது மணி, வலது தோள்பட்டைல உள்ளுக்குள்ள எலும்ப குடையுற மாதிரி வலி ஆரம்பிச்சிருக்கு. மூட்டை தூக்கினதுன்னு நெனச்சார். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க. பத்தேகாலுக்கு வீடு, அவர் வீட்டுக்காரி, நான் அக்கான்னு கூப்பிடுறவங்க, தைலம் தேச்சு விட்டாங்க, தேய்க்கத் தேய்க்க குறையவும் இல்ல கூடவும் இல்ல, கைய எந்தப் பக்கம் வச்சாலும் ஒரே வலி. நடுராத்திரிக்கு மேல விரல் நுனில எறும்பு ஊர்ற மாதிரி, உடம்பெல்லாம் ஒரு அசதி, எழும்பி நடக்கவே முடியாத அளவுக்கு அசதின்னு சொன்னார்.

விடியக்காலைல ஒரு ஆஸ்பத்திரிக்கு போனாங்க. டைவ் அடிச்சத இவர் சொல்லல, அவங்களும் கேக்கல, தசைப்பிடிப்புன்னு மாத்திரை குடுத்து அனுப்பினாங்க. எட்டு மணிக்கு அக்கா எனக்கு கோல் எடுத்து தற்செயலா சொன்னாங்க, "மச்சானுக்கு தோள் வலி, மூட்டை தூக்கியிருக்காரு"ன்னு. விரல் மரமரப்புன்னு சொன்னதுமே எனக்கு வயித்துக்குள்ள ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. உடனே படுக்க வைங்க, தண்ணி குடுங்க, திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய் டைவ் அடிச்ச ஆள், பெண்ட்ஸா (உடம்புல நைட்ரஜன் குமிழ் வர்ற டைவ் நோய்) இருக்கலாம், ஒக்சிஜன் வேணும்னு சொல்லுங்கன்னேன். ரெண்டாவது தடவ அங்க இருந்த டொக்டர் ஒருத்தர் டக்குனு புரிஞ்சிக்கிட்டார், மாஸ்க் போட்டு நூறு வீத ஒக்சிஜன் குடுத்து அம்பியூலன்ஸ்ல இறக்கினாங்க. மலைல இருந்து கீழ இறங்குறதே ஒரு வைத்தியம் மாதிரிதான், கண்டி வரும்போதே விரல் மரமரப்பு குறைஞ்சிருச்சு.

திருகோணமலை நேவி சேம்பர்ல, அதாவது அழுத்தம் கூட்டுற அறைல, அன்னைக்கு ராத்திரி உள்ள வச்சாங்க. உலகம் முழுக்க பாவிக்கிற யுஎஸ் நேவி டேபிள் 6ங்கிற சிகிச்சை முறை, 18 மீட்டர் ஆழத்துக்கு சமமான அழுத்தத்துல ஆரம்பிச்சு 4 மணித்தியாலம் 45 நிமிஷம், நடுநடுவுல ஒக்சிஜன நிப்பாட்டி 5 நிமிஷம் சாதாரண காத்து. முதல் அரை மணித்தியாலத்துலயே தோள்வலி போயிருச்சுன்னார். அடுத்த நாள் இன்னொரு தடவ. முழுசா சுகம், இப்ப ஒரு குறையும் இல்ல.

ஏன் நடந்தது

நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் உயரம். அங்க காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல ஏறத்தாழ 80 வீதம்தான். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுக்கு விளக்கமே தேவையில்ல, கொழும்புல இருந்து வர்ற சிப்ஸ் பக்கெட் நுவரெலியா கடைல பலூன் மாதிரி உப்பிக்கிட்டு தொங்குறத சின்ன வயசுல இருந்து பாக்குறோம். டைவ் முடிஞ்சு உடம்புல கரைஞ்சிருக்குற நைட்ரஜனுக்கும் அதேதான் நடக்குது, வெளி அழுத்தம் குறையக் குறைய அது குமிழா வெளிய வரப் பாக்கும், இருக்குற சின்ன குமிழும் உப்பும். பிளேன் கெபின்ல அழுத்தம் பொதுவா 1,800ல இருந்து 2,400 மீட்டர் உயரத்துக்கு சமமா வச்சிருப்பாங்க. அப்ப நுவரெலியா வீட்டு வாசல்ல நிக்கிறதும் பிளேன்ல உக்காந்திருக்கிறதும் உடம்புக்கு கிட்டத்தட்ட ஒண்ணு, பிளேன்லயாவது சில மணித்தியாலத்துல கீழ இறங்கிருவோம், வீட்டுல ராத்திரி முழுக்க அந்த உயரத்துலயே தூங்குறோம்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்ங்கிற டைவ் பாதுகாப்பு அமைப்பு நடத்தின 2002 மாநாட்டுல வந்த வழிகாட்டல், பறக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நோ டெக்கோ டைவ்னா குறைஞ்சது 12 மணித்தியாலம், ஒரு நாளைக்குப் பல டைவ் இல்லாட்டி பல நாள் டைவ்னா 18, டெக்கோ டைவ்னா (மேல வரும்போது கட்டாயம் நின்னு நின்னு வர வேண்டியது) 18ஐ விட நல்லா கூட. இது எந்த உயரத்துக்குன்னா 2,000ல இருந்து 8,000 அடி, அதாவது 610 மீட்டருக்கு மேல. இந்த 610ஐ நம்ம ரோட்டுல ஒரு கோடா வச்சுப் பாருங்க. தம்புள்ளை, மாத்தளை கீழ. கண்டி சுமார் 500, அதுவும் கீழ. கம்பளை கீழ. அதுக்கப்புறம் புஸ்ஸல்லாவை ஏத்தத்துல அந்தக் கோட்டத் தாண்டுறோம். மட்டக்களப்பு பக்கம் டைவ் அடிச்சிட்டு செங்கலடில இருந்து மகா ஓயா, பிபிலை வழியா வர்றவங்களுக்கு பதுளையே 680, அதுவே கோட்டுக்கு மேல, பண்டாரவளை, ஹப்புத்தளை சொல்லவே வேணாம். மச்சான் 10.50க்கு தண்ணிக்கு மேல வந்து எட்டு மணிக்கு அந்தக் கோட்டத் தாண்டியிருக்கார், ஒன்பது மணித்தியாலம், 18க்கு சரி பாதி.

இன்னொரு கணக்கும் இருக்கு. நிறைய கம்ப்யூட்டர்களுக்கு அடிப்படையா இருக்குற பூல்மான் முறைல உடம்ப 16 பகுதியா கற்பனை பண்ணுறாங்க, ஒவ்வொண்ணும் வேற வேற வேகத்துல நைட்ரஜன ஏத்தும், விடும். வேகமானது சில நிமிஷம், ரொம்ப மெதுவானது பாதி இறக்கவே 635 நிமிஷம் எடுக்கும், பத்தரை மணித்தியாலத்துக்கு மேல. சனி ஞாயிறு நாலு டைவ்ல இந்த மெதுவான பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே இருக்கும், கடல் மட்டத்துல இருந்தா அது ஒரு தொல்லையும் குடுக்காது, அதனாலதான் நிலாவெளி கரைல அவருக்கு ஒண்ணுமே தெரியல. அதோட மூட்டை தூக்கினது வேற, டைவ்க்கு அப்புறம் கஷ்டமான வேலை குமிழ் உண்டாக உதவி பண்ணும். வெயில்ல லொறி ஓட்டினது, தண்ணி ஒழுங்கா குடிக்காதது எல்லாம் சேர்ந்துக்கிட்டது.

இந்த பூல்மான் சூரிச் யூனிவர்சிட்டி டொக்டர். சுவிஸ்காரர், அவங்களுக்கும் மலை, மலைக்கு மேல ஏரி, அதுல டைவ். உயரத்தக் கணக்குல எடுக்குற முறைய அவர் அதுக்காகத்தான் உழைச்சு உண்டாக்கினார். மலைல இருந்த ஒரு ஆள் யோசிச்ச கணக்கு இன்னைக்கு உலகத்துல பாதி கம்ப்யூட்டர்ல ஓடுது, நம்ம மலைநாட்டுக்காரங்க அதே கம்ப்யூட்டர கையில கட்டிக்கிட்டு மலைய மறந்துட்டு வீட்டுக்குப் போறோம்.

சரி, எத வாங்குறது

சுகமாகி வந்ததும் மச்சான் கேட்ட முதல் கேள்வி டைவ விடணுமான்னு இல்ல, எந்த கம்ப்யூட்டர் மாத்தணும்னுதான். அக்காவுக்கு அது பிடிக்கல, நான் ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து ஒவ்வொண்ணா பேசினேன்.

எந்த கம்ப்யூட்டரும் அவர அந்த ராத்திரி காப்பாத்தியிருக்காது, பாத்துப் புரிஞ்சிக்கிட்டு தங்கியிருந்தா மட்டும்தான் காப்பாத்தியிருக்கும். ஆனா பிளேன் படத்த விட தெளிவா சொல்லுற மிஷின் இருக்கு. ஸ்கூபாப்ரோவோட அலாடின், கலிலியோ, ஜி2 வரிசை, பழைய சுவிஸ் உவாடெக் கம்பெனில இருந்து வந்தது, இதுங்க டைவ் முடிஞ்சதும் எந்த உயர வகுப்புக்கு இப்ப ஏறக் கூடாதுன்னு தனியாக் காட்டும், நேரம் போகப் போக அந்தத் தடை கீழ் வகுப்புல இருந்து விலகிக்கிட்டே வரும். காத்தழுத்தத்த தானாவே அளந்து இப்ப எந்த வகுப்புல இருக்கோம்னும் சொல்லும். பிளேன்ல ஏறாத ஒரு லொறிக்காரருக்கு இத விட பொருத்தமா ஒரு வசதி இருக்க முடியாது. என்னோட கருத்துல மலைல குடியிருக்குற, ரீஃப்ல ஸ்போர்ட் டைவ் மட்டும் அடிக்கிற ஆளுக்கு இதுதான் முதல் தெரிவு, திரை அழகா இல்லாட்டியும் பரவாயில்ல.

ரெண்டாவதா நாங்க யோசிச்சது ஷியர்வோட்டர் பெரக்ரின் மாதிரி, 2020ல வந்தது. திரை ரொம்பத் தெளிவு, மச்சானோட கண்ணுக்கு அதுதான் நல்லது. பூல்மான் கணக்கும் கிரேடியன்ட் ஃபேக்டரும். அதாவது உடம்பு தாங்கும்னு கணக்குப் போட்ட எல்லைல எத்தனை வீதம் வரைக்கும் போகலாம்னு நாமளே வைக்கலாம், அதுல நடுத்தரமா வர்ற செட்டிங் 40/85, இன்னும் பாதுகாப்பா வேணும்னா 35/75. மலைக்குத் திரும்புறவர் 35/75ல வச்சா தண்ணிக்குள்ள நேரம் கொஞ்சம் குறையும், ஆனா மேல வரும்போது நைட்ரஜன் குறைவா கொண்டு வருவார். இத சில பேரு பிழையா விளங்கிக்கிறாங்க, செட்டிங்க இறுக்கிட்டா காத்திருக்கத் தேவையில்லன்னு. அப்படி இல்ல, 18 மணித்தியாலம் 18தான். நைட்ராக்ஸும் அப்படித்தான், 32 வீதம் போட்டா 15ல இருந்து 30 மீட்டர் டைவ் அடிக்கிறவருக்கு நைட்ரஜன் சுமை நல்லா குறையும் (அதுல 33 மீட்டருக்குக் கீழ இறங்கக் கூடாது), ஆனா கம்ப்யூட்டர்ல 32ன்னு போட்டுட்டு சீக்கிரம் மலை ஏறலாம்னு நெனைக்காதீங்க. கம்ப்யூட்டர காத்துலயே விட்டுட்டு 32 சுவாசிச்சா இன்னும் கொஞ்சம் பாதுகாப்பு கூடும், நான் நீண்ட நாளா அப்படித்தான், ஆழ எல்லைய மட்டும் மனசுல வச்சுக்கணும்.

பேட்டரி விஷயம் சின்னதா தெரியும், ஆனா மலைல பெரிய விஷயம். சிஆர்2450 மாதிரி நாணய பேட்டரி நம்ம டவுன் கடைலயே தேடி எடுக்கலாம், நாமளே மாத்தலாம், ஓ ரிங்க மட்டும் ஒழுங்கா பாத்து சிலிக்கான் கிரீஸ் பூசிப் போடணும். சார்ஜ் பண்ணுற மாடல்னா வெள்ளிக்கிழமை வீட்டுல இருந்து கிளம்பும்போதே சார்ஜ் பண்ணிட்டுத்தான் லொறில ஏறணும். ரெண்டு நாள் டைவ்க்கு நடுவுல பேட்டரி மாத்தாதீங்க, சில மாடல்கள்ல உடம்புல எவ்வளவு நைட்ரஜன் இருக்குன்னு வச்சிருக்குற கணக்கு அழிஞ்சு போயிரும், அது உங்கள புது ஆளா நெனச்சு கூட நேரம் குடுக்கும். அதே காரணம்தான் ஒருத்தரோட கம்ப்யூட்டர அடுத்த டைவ்க்கு இன்னொருத்தர் கட்டக் கூடாதுன்னு சொல்றதும்.

டேங்க் பிரஷர் காட்டுறது, கலர் மேப், இதயத் துடிப்பு, இதெல்லாம் மச்சானுக்குத் தேவையில்ல. காசு மிச்சம் இருந்தா ஒரு சின்ன ஒக்சிஜன் கிட்டுக்கும் டைவ் இன்சூரன்ஸுக்கும் போடச் சொன்னேன்.

வேற மாதிரி டைவ் அடிக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. வருஷத்துக்கு ஒரு தடவ ஹிக்கடுவைலயோ உனவட்டுனலயோ ரெண்டு டைவ் போறவங்களுக்கு மாரஸ் பக், சுன்டோ ஸூப் மாதிரி எளிய மாடல் தாராளமாப் போதும், டைவ் முடிஞ்சு ஒரு ராத்திரி கீழ தங்கிட்டு வாங்க. மட்டக்களப்புல எச்எம்எஸ் ஹேர்மிஸ் கப்பலுக்கு இறங்கணும்னு கனவு இருக்குறவங்களுக்கு (1942 ஏப்ரல் 9ல மூழ்கினது, 53 மீட்டர் பக்கம் கிடக்கு) இது எதுவும் போதாது, பல கேஸ் மாத்துற, டிரைமிக்ஸ் (ஹீலியம் கலந்த காத்து) கணக்குப் போடுற ஷியர்வோட்டர் பெர்டிக்ஸ் வகுப்பு வேணும், அதுக்கு முன்னாடி அந்தப் பயிற்சி வேணும், அந்த மாதிரி டெக்கோ டைவ்க்கு அப்புறம் நான் ரெண்டு நாள் மலை ஏற மாட்டேன். மூச்சப் பிடிச்சு இறங்குற ஆளுங்களுக்கு அப்னியா மோட் முக்கியம், ஆனா ஸ்கூபா முடிச்ச அதே நாள்ல ஃப்ரீ டைவ் வேணாம். கடலட்டை, சங்கு எடுக்க கம்ப்யூட்டரே இல்லாம நாள் முழுக்க டேங்க் மாத்தி மாத்தி இறங்குற நம்ம கரையோரப் பசங்க பெண்ட்ஸ்ல நடக்க முடியாமப் போனத நான் கண்ணால பாத்திருக்கேன், அவங்களுக்கு எளிய பக் ஒண்ணாவது கையில இருந்தா எத்தனையோ கால் நடந்துக்கிட்டு இருக்கும். அதப் பத்தி எழுதத் தொடங்கினா இந்தக் கட்டுரை முடியாது.

மலைல தண்ணிக்குள்ளயே இறங்குறவங்களும் கொஞ்சப் பேர் இருக்கோம். எஸ்டேட் குளத்துல பம்ப் வாய் அடைச்சா, நீர்த்தேக்கத்துல ஏதாவது விழுந்தா அனுமதி எடுத்து இறங்குறது. (மவுசாகலை நீர்த்தேக்கத்துல தண்ணி வத்துற மாசத்துல பழைய மஸ்கெலியா டவுனோட கோயில் தலை காட்டும்போது அங்க டைவ் அடிக்கலாமான்னு கேக்காதவங்க இல்ல, அனுமதி இல்லாம இறங்காதீங்க.) இங்க கம்ப்யூட்டர் தெரிவு ரொம்பக் கடுமையான விஷயம். கடலுக்கு செட் பண்ணினத அப்படியே கொண்டு வந்து மேல இறங்கினா அது பொய் சொல்லும். நுவரெலியா உயரத்துல நல்ல தண்ணில 18 மீட்டர் இறங்குறது உடம்புக்கு கடல்ல ஏறத்தாழ 22 மீட்டர் இறங்கின மாதிரி. கையால செட் பண்ணுற மாடல்கள்ல மறந்து போறது சாதாரணம், சுன்டோ ஸூப் நோவோல ஏ0 300 மீட்டர் வரைக்கும், ஏ1 1,500 வரைக்கும், ஏ2 3,000 வரைக்கும், ஹட்டன் 1,271ன்னா ஏ1, நுவரெலியான்னா ஏ2, இத ஒவ்வொரு தடவையும் மாத்தணும். மாத்த மறந்து ஏ2லயே நிலாவெளில இறங்கினா நேரம்தான் குறையும், ஆபத்து இல்ல. ஏ0ல இருந்துக்கிட்டு மலைக்குளத்துல இறங்குறதுதான் ஆபத்து. கடல்ல இருந்து வந்த உடனேயும் மேல இறங்கக் கூடாது, அந்த உயரத்துல உடம்பு நிலைக்க குறைஞ்சது மூணு மணித்தியாலமாவது விடச் சொல்லி சுன்டோ கையேட்டுலயே இருக்கு, டைவ் அடிச்சிட்டு வந்திருந்தா அந்த மூணு மணித்தியாலத்துக்கு அர்த்தமே இல்ல, முதல்ல 18ஐ முடிச்சிட்டு வரணும். அதனால மேலயும் கீழயும் ரெண்டு இடத்துலயும் இறங்குறவங்களுக்கு அழுத்தத்த தானா அளக்குற மாடல் தவிர வேற எதையும் நான் சொல்ல மாட்டேன், அதோட கலங்கல் தண்ணில தெரியுற வெளிச்சமான திரையும்.

மச்சான் கடைசில எத எடுத்தார்

ஒரு அலாடின், கொழும்புல ஒருத்தர் பாவிச்சது, நான் போய் பாத்து வாங்கினேன். பாவிச்சது வாங்கும்போது நான் பாத்தது, பேட்டரி மூடி திறந்து உள்ள பச்சைக் கறை இருக்கான்னு, லொக்ல கடைசி டைவ்கள்ல ஆழம் ஒழுங்காப் பதிஞ்சிருக்கான்னு, அப்புறம் என்னோட கம்ப்யூட்டரையும் அதையும் ஒரே கையில கட்டிக்கிட்டு நிலாவெளில ஒரு டைவ் அடிச்சேன், 16 மீட்டர்ல ரெண்டும் 20 சென்டிமீட்டருக்குள்ள இருந்தது, அது போதும். கொழும்புல இருந்து பஸ்ல வீட்டுக்கு கொண்டு வந்தப்ப வழில உயர வகுப்பு மாறுதான்னும் பாத்தேன், மாறிச்சு.

ரோட்டையும் மாத்தினோம். இப்ப சனிக்கிழமை ரெண்டு டைவ், ஞாயிற்றுக்கிழமை காலைல ஒண்ணே ஒண்ணு, 15 மீட்டர் ஆழத்துக்குள்ள, பத்து மணிக்கு முன்னாடி வெளிய. அப்புறம் தம்புள்ளை வந்து லொறிலயே படுக்கிறார், அங்க உயரம் ஒரு விஷயமே இல்ல. மூட்டை ஏத்த ரெண்டு பேருக்கு கூலி குடுக்குறார், அவர் கை வைக்கிறதே இல்ல. திங்கக்கிழமை விடிஞ்சு வெங்காய வெலை பாத்து முடிச்சு ஏழு மணிக்கு மேல கிளம்பி, 610 மீட்டர் கோட்டத் தாண்டும்போது 24 மணித்தியாலம் கிட்ட ஆயிருக்கும். திங்கக்கிழமை நுவரெலியா சந்தைக்கு வெங்காயம் பிந்தித்தான் வருது, அதனால ரெண்டு பழைய வாடிக்கையாளர்களும் போயிட்டாங்க, அத அவர் சொல்லும்போது கொஞ்சம் மனசு கஷ்டமாத்தான் இருந்தது.

அந்த சீசன்ல எட்டு தடவ வந்தார். ஒவ்வொரு தடவையும் கம்பளைல லொறிய ஓரமா நிப்பாட்டி டீ குடிச்சிட்டு, கைக் கம்ப்யூட்டர போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார், உயரத் தடை போயிருச்சா இல்லையான்னு நானும் பாக்கணும்ல. ஒரு தடவ மட்டும் தடை இன்னும் காட்டிக்கிட்டு இருந்தது, அந்த ஞாயிறு அவர் எனக்குத் தெரியாம மத்தியானம் இன்னொரு டைவ் சேர்த்திருந்தார். கம்பளைலயே தெரிஞ்ச கடைல சாயந்திரம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு, தடை போனதுக்கு அப்புறம்தான் புஸ்ஸல்லாவை ஏத்தத்துக்கு லொறிய திருப்பினார்.